குப்பைத்தொட்டியில் கிடந்த கதவு

தாளாளர் தனராஜ் வாயைத் திறந்தால் பள்ளிக்கூடமே அடங்கிவிடும். அன்று பெற்றோர் கூட்டத்தில், "மாணவிகள் கழிவறைக்குக் கதவு இல்லைன்னு ஒரு மனுகூட எனக்கு வரல" என்று மைக்கில் முழங்கினார். அதோடு அவர் பேச்சின் வீடியோப் பதிவு நின்றது. பதிவு ஓடிக்கொண்டிருந்த அவருடைய லேப்டாப்பில் இடமில்லை என்று பெரிய திரையில் எழுத்து வந்தது.

"இருநூறு ஜிபியைக் காணோம்! பத்து நிமிஷத்துல இடம் வரணும். என் ஃபைல் ஒண்ணு போனாலும் நாளைக்கு நீ வேலைக்கு வராதே!" என்று லேப் உதவியாளர் புஷ்பலீலாவிடம் எகிறினார்.

"நீங்க வச்சிருக்கிற எதையும் தொட மாட்டேன் சார். நீங்களே வேண்டாம்னு போட்டதை மட்டும் அழிக்கலாமா?"

"இதை வேற கேக்கணுமா? அழி!"

லீலா பெரிய திரையில், அழித்த ஃபைல்கள் போய் விழும் குப்பைத்தொட்டியான ரீசைக்கிள் பின்னைத் திறந்தாள். அவர் அழித்துவிட்டதாக நினைத்த பழைய விழா வீடியோக்கள் அத்தனையும் அங்கேதான் குந்தியிருந்தன. நடுவே, லீலாவே ஸ்கேன் செய்து அனுப்பிய பதினோரு மனுக்கள்: 'மாணவிகள் கழிவறைக்குக் கதவு வேண்டி.'

"சார், இதையும் ஒரேயடியா அழிச்சிடவா?" என்று பணிவாகக் கேட்டாள்.

அரங்கமே அவர் வாயைப் பார்த்தது.

"அது... அதை மட்டும் திருப்பி எடும்மா."

மீதியை அழித்ததும் லேப்டாப்பில் இடம் வந்தது. அடுத்த வாரம் கதவும் வந்தது, உள்பக்கத் தாழ்ப்பாளோடு.