உறை பிரியாத கார்

"ஏமாந்துட்டேன் அம்மா" என்றார் பூவராகன்.

பண்ருட்டிக்கு மேற்கே இருந்த அந்த மடத்தின் பின்கட்டில் மங்கையம்மை பலாப்பழம் அரிந்துகொண்டிருந்தார். கையில் பால் ஒட்டாதிருக்க முழங்கைவரை எண்ணெய் தடவியிருந்தார். அந்தத் துறவி பூவராகனுக்கு இருபது வயது இளையவர். ஆனால் அவருடைய குரு.

"ஏமாத்தினது யார்?"

"யாருமில்லை. அதுதான் மனசு ஆறமாட்டேங்குது."

தை மாதம் பூவராகன் ஒரு கார் வாங்கினார். வைகாசியில் அதே கார், கூரை திறக்கும் வசதியோடும் பின்புறத்தைக் காட்டும் கேமராவோடும் வந்துவிட்டது. விலையும் குறைந்துவிட்டது.

"உங்க கார் ஓடலையா?"

"அருமையா ஓடும். நான்தான் அதிகம் எடுக்கறதில்லை. கறை, கீறல் இல்லாம வெச்சிருந்தா, இதை நல்ல விலைக்கு எடுத்துக்கிட்டுப் புதுசைத் தர்றதா ஷோரூம்ல சொல்றாங்க. சீட்டு மேல இருக்கற பிளாஸ்டிக் உறையைக்கூட நான் இன்னும் பிரிக்கலை."

வாசற்படியில் நின்றிருந்த அவர் மனைவி கோமளம் முந்தானையால் விசிறிக்கொண்டாள்.

"இவர் கார்ல வந்தார் அம்மா. நான் பஸ்ல வந்தேன்."

மங்கையம்மை நிமிர்ந்தார். "ஏன்?"

"ஏறினா, கதவை மெதுவா சாத்துங்கறார். உட்கார்ந்தா, வளையல் உரசுதுங்கறார். அசைஞ்சா, உறை கிழியுதுங்கறார். கண்டக்டர்கூட என்னை இவ்வளவு அதட்டினதில்லை. இனிமே செத்தாலும் அதுல ஏறமாட்டேன்."

"பார்த்தீங்களா அம்மா?" என்றார் பூவராகன். "அந்தப் புதுசு வந்துட்டா எல்லாம் சரியாயிடும்."

"அதோட உறையைப் பிரிப்பீங்களா?"

பூவராகன் யோசித்தார்.

"ஐப்பசியில இன்னொண்ணு வரப்போறதாப் பேச்சு..."

மங்கையம்மை எழுந்தார்.

பாதிப் பலாவை மார்போடு அணைத்துக்கொண்டு, வாசலில் நின்ற காரின் பின்கதவைத் திறந்தார். இருக்கையின் உறையை ஒரு முனையில் பிடித்து இழுத்தார். ஒரே இழுப்பில் அது கிழிந்து வந்தது. அரிந்த பக்கம் கீழே இருக்கும்படி பழத்தை இருக்கையின் மேல் கவிழ்த்தார்.

"ஐயோ அம்மா! பலாப்பால்! பட்டா போகாதே!"

"போகாது" என்றார் மங்கையம்மை.

பூவராகன் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். தேய்க்கத் தேய்க்கக் கறை பரவியது. துடைத்த துணியும் சேர்ந்து ஒட்டிக்கொண்டது. கார் முழுவதும் பழத்தின் மணம் ஏறிவிட்டது.

அவர் கையை எடுத்தார். கறையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இனிமே இதை எவனும் எடுக்கமாட்டான்" என்றார்.

சொன்ன பிறகுதான், தாம் சொன்னது அவர் காதில் விழுந்தது. வைகாசியிலிருந்து தோளில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்கிப் போயிற்று. முதலில் மூச்சு வந்தது. பிறகு சிரிப்பு வந்தது.

மற்ற உறைகளை அவரே கிழித்தார்.

திரும்பிப் பார்த்தபோது மங்கையம்மை பின்கட்டை நோக்கி நடந்துகொண்டிருந்தார்.

"அம்மா, பழம்?"

"அது உங்களோடது. எனக்கு இன்னொரு பாதி இருக்கு."

பூவராகன் முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

"கோமு, ஏறு."

கோமளம் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். ஏறி உட்கார்ந்தாள். வளையல்கள் குலுங்கக் கதவைப் படாரென்று சாத்தினாள். மடத்து மரத்திலிருந்த காக்கைகள் அத்தனையும் எழுந்து பறந்தன.

"எங்கே போகலாம்?" என்றார் பூவராகன்.