உப்புக்குப் போன கரிச்சான்

ஒரு காட்டில் ஒரு கரிச்சான் குருவி இருந்தான். இந்தக் கதையில் ஒரு நல்ல சிரிப்பு இருக்கிறது. வரும். ஆனால் இப்போதே வாயைத் திறந்து வைத்துக்கொள்ளாதீர்கள், ஈ போய்விடும். முதலில் உப்பைப் பார்ப்போம்.

அந்தக் காட்டில் மான்கள் நக்குவதற்கு உப்பு மண் இருந்தது. போன மழையில் வந்த வெள்ளம் அதை அடித்துக்கொண்டு போய்விட்டது. அன்றிலிருந்து மான்களுக்குத் தெம்பு இல்லை. ஒரு புள்ளிமான் குட்டி பாறையை நக்கும், மரப்பட்டையை நக்கும், கடைசியில் அம்மாவின் காதை நக்கும். எழுந்து நின்றால் கால் நடுங்கும்.

காட்டுப் பள்ளிக்கூடத்தில் இரண்டு மாணவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள்.

"கடலோரக் காட்டுக்குப் போங்க. அங்கே எப்படி வாழறாங்க, எப்படி வாங்கி விக்கறாங்கன்னு படிச்சுட்டு வாங்க. அப்படியே உப்புக்கும் ஒரு ஏற்பாடு பண்ணிடுங்க. மழைக்குள்ள வரணும்" என்று சொல்லி அனுப்பினார்கள்.

ஒருவன் நம் கரிச்சான். யார் குரலையும் அப்படியே பேசுவான். சிறுத்தை போல உறுமிக் குரங்குகளை உச்சிக் கிளைக்கு ஓட வைப்பான். அவை ஏறி முடித்ததும், குரங்கு போலக் கத்திச் சிறுத்தையை வரவழைப்பான்.

இன்னொருத்தி முள்ளம்பன்றி. மனதில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிடுவாள். உப்புக்கு மாற்றாகக் கொடுக்க இருவரும் காய்ந்த இலுப்பைப்பூ ஒரு மூட்டை எடுத்துக்கொண்டு புறப்பட்டார்கள்.

கடலோரத்தில் உப்புப் பாத்திகளுக்குச் சொந்தக்காரி நண்டக்கா. அவள் விற்கிற உப்பைக் கூழைக்கடாக்கள் தங்கள் தொண்டைப் பையில் அள்ளிக்கொண்டு காடு காடாகச் சுமந்து போகும்.

நண்டக்கா மூட்டையைப் பிரித்தாள். முகர்ந்தாள்.

"என்னடி இது? ஈரமே போகலை. ரெண்டு நாள்ல புழு வெச்சுடும். இதையா இவ்வளவு தூரம் சுமந்துட்டு வந்தே?"

"உங்க உப்பு மட்டும் என்னவாம்? பாதி மண்ணு" என்றாள் முள்ளம்பன்றி.

"மண்ணா? உன் கண்ணுல இருக்கு மண்ணு."

"அப்போ நீங்களே வெச்சுக்குங்க."

"போறதுன்னா போயேன். உன் காலை யாரு பிடிச்சா?"

ஆனால் முள்ளம்பன்றி போகவில்லை. நண்டக்காவும் நகரவில்லை. கூழைக்கடாக்கள் வேலையை விட்டுவிட்டுச் சுற்றி வந்து நின்றன. நண்டக்கா வேறொரு பாத்தியிலிருந்து ஒரு பிடி அள்ளி வந்து முன்னால் கொட்டினாள்.

"இது மேல்பாத்தி. இதுல மண்ணைக் காட்டு பார்ப்போம்."

கரிச்சானுக்கு வெட்கமாகப் போய்விட்டது. "ஏய், நம்ம காட்டு மானத்தை வாங்காதே. விருந்தாளியா வந்த இடத்துல இப்படியா கத்துவாங்க?" என்று கிசுகிசுத்தான். பிறகு குயிலின் குரலை எடுத்துக்கொண்டான்.

"மன்னிச்சுடுங்க அம்மா. இவளுக்கு நாலு பேர்கிட்டப் பேசிப் பழக்கம் இல்லை. இனிமே வாய் திறக்க மாட்டா. நீங்க சொல்றதுதான் விலை, நீங்க கொடுக்கறதுதான் உப்பு."

நண்டக்கா ஒரு கண்ணால் அவனைப் பார்த்தாள். இன்னொரு கண்ணால் முள்ளம்பன்றியைப் பார்த்தாள். தூக்கி வைத்திருந்த கொடுக்குகள் மெல்லக் கீழே இறங்கின.

"அப்படிங்களா? சரிங்க. உக்காருங்க, முதல்ல சாப்பிடுங்க."

இதோ, சிரிப்பு வந்துவிட்டது! இல்லை, இருங்கள், மீன் வருகிறது. இறால் வருகிறது. கரிச்சானுக்குப் பிடிக்குமென்று தும்பிகூடப் பிடித்து வந்தார்கள். தென்னோலை விரித்து நடுவில் உட்காரவைத்தார்கள்.

வயிறு நிறைந்ததும் கரிச்சானுக்குக் குஷி பிறந்தது. தென்னோலையில் நண்டு போலப் பக்கவாட்டில் நடந்துகொண்டே, "என்னடி இது? உன் கண்ணுல மண்ணு, உன் கண்ணுல மண்ணு!" என்று நண்டக்கா குரலில் ஆரம்பித்தான்.

கரையே சிரித்தது. கூழைக்கடாக்கள் பை குலுங்கச் சிரித்தன. நண்டக்காவும் கொடுக்கால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். நீங்களும் இப்போது சிரித்துக்கொள்ளலாம். முள்ளம்பன்றி மட்டும் சிரிக்கவில்லை. மேல்பாத்தியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உப்பு விஷயம்..." என்று இழுத்தான் கரிச்சான்.

"அதுக்கென்னங்க" என்றாள் நண்டக்கா. சங்கு மாலை போட்டு, காட்டின் எல்லைவரை வந்து வழியனுப்பிவைத்தாள்.

திரும்பி வந்ததும், பார்த்ததைச் சொல்லச் சொன்னார்கள்.

"தங்கமான ஜனங்க. என்ன மரியாதை, என்ன உபசாரம்! வியாபாரத்துல ஒரு வார்த்தைகூடக் கூடக்குறையப் பேசமாட்டாங்க. உப்பு இதோ வந்துடும்" என்றான் கரிச்சான். மாலையைக் காட்டினான். நண்டக்காவையும் பேசிக் காட்டினான். மான்குட்டி கால் நடுங்க நின்றபடியே சிரித்தது.

"பேச்சு பாதியில நின்னுபோச்சு" என்றாள் முள்ளம்பன்றி. அந்த ஆரவாரத்தில் அது யார் காதிலும் விழவில்லை.

நிலவு வளர்ந்தது, தேய்ந்தது. உப்பு வரவில்லை. மான்குட்டி எழுந்திருப்பதை நிறுத்திவிட்டது. பிறகு மழை பிடித்துக்கொண்டது.

ஒருநாள் அந்த வழியாகப் பறந்த கூழைக்கடா ஒன்று குளத்தில் இறங்கியது. கரிச்சான் ஓடோடிப் போய், நண்டக்கா குரலில் வரவேற்றான்.

"அருமைங்க, அப்படியே அக்காவைப் பார்த்த மாதிரி இருக்குங்க" என்று சிரித்தது கூழைக்கடா. அப்போது புதரிலிருந்து முள்ளம்பன்றி வந்தாள். கூழைக்கடாவின் குரலே மாறிவிட்டது.

"அடியே முள்ளு! விலைச் சண்டையை ஆரம்பிச்சவ முடிக்க வேணாம்? பாதியில எழுந்து போனா என்ன அர்த்தம்? நீ திரும்பி வருவேன்னு அக்கா மேல்பாத்தியை யாருக்கும் கொடுக்காம வெச்சிருந்தா. முந்தாநாள் மழையில மொத்தமும் கரைஞ்சுபோச்சு."

"இனிமே கிடைக்காதா?" என்றாள் முள்ளம்பன்றி.

"அடுத்த வெயிலுக்குத்தான். உன் மேல அக்காவுக்கு அவ்வளவு கோபம், தெரியுமா?"

கரிச்சான் மெல்லக் கேட்டான். "என் மேல?"

கூழைக்கடா அவன் பக்கம் திரும்பிப் பணிவாகத் தலையைச் சாய்த்தது.

"உங்க மேல எங்களுக்கு என்னங்க கோபம்? ஒத்துவராதுன்னு ஆனவங்களோட நாங்க சண்டையே போடமாட்டோம். சாப்பாடு போட்டு, சொன்னதுக்கெல்லாம் சிரிச்சு, நல்லபடியா அனுப்பிவெச்சுடுவோம்."

மரத்தடியில் தாய்மான் குட்டியின் முகத்தை நக்கிக்கொண்டிருந்தாள். கரிச்சான் அந்தப் பக்கம் பார்த்தான். இன்னும் கழுத்தில் கிடந்த சங்கு மாலையைக் கழற்றிக் கீழே வைத்தான்.

நீதி: போன இடத்தில் எல்லாரும் சிரித்தார்கள் என்பதற்காக, நம்மை ஏற்றுக்கொண்டார்கள் என்று நினைத்துவிடக் கூடாது.