துடிப்பு நின்ற செல்

"மருந்து இருக்கா இல்லியா, அத மட்டும் சொல்லுங்க மேடம்" என்றார் அருணகிரி.

"இருக்கு" என்றார் ஜெரினா.

"குடுங்க."

ஜெரினா லேப்டாப்பை மூடினார்.

கோவையில் ஓர் ஆராய்ச்சிக்கூடம். இதய டாக்டர்களுக்கான தொடர்கல்வி வகுப்பு அப்போதுதான் முடிந்திருந்தது. டாக்டர்களும் வகுப்புக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிரியாணிக்குப் போகிறவர்கள்தான். அன்றைக்கும் போய்விட்டார்கள். அருணகிரி மட்டும் போகவில்லை.

அவர் தம்பி சிதம்பரத்துக்கு மாரடைப்பு. இதயத் தசையில் பெரும்பகுதி செத்துவிட்டது. தம்பி படுத்திருப்பது அருணகிரியின் ஆஸ்பத்திரியில், பார்க்கிற டாக்டரும் அருணகிரியேதான்.

ஜெரினா அவரைவிட இருபது வயது இளையவர். மீனின் இதயத்தைக் காயப்படுத்தி, அது திரும்ப வளர்வதைப் பார்ப்பது அவர் வேலை. மீனுக்கு வளரும். மனிதனுக்கு அந்த இடம் தழும்பாகிவிடும். மனித இதயச் செல்லையும் பிரிந்து பெருக வைக்கிற மருந்து ஒன்று அவரிடம் இருந்தது. கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்களில் அது வேலை செய்தது. ஆளுக்குக் கொடுத்ததில்லை.

"என்ன ஆனாலும் நான் பொறுப்பு" என்றார் அருணகிரி. "என் தம்பி மேடம்."

போன் அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து டியூட்டி டாக்டர் மோகனா.

"சார், பிரஷர் இறங்குது. பலூன் மெஷின் வெச்சிரலாமா?"

"வேண்டாம்னு காலையிலயே சொன்னேன்ல. அட்ரினலின ஏத்து."

பலூன் மெஷின் இதயத்தின் சுமையில் கொஞ்சத்தைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும்; அட்ரினலின் இதயத்தை இன்னும் வேகமாக அடிக்க வைக்கும். அது அவருக்குத் தெரியாததல்ல. ஆனால் மெஷினுக்குப் போனவன் திரும்பமாட்டான் என்று ஒரு பயம். டாக்டருக்கு வரக்கூடாத பயம்தான். தம்பி என்று வந்ததும் அது வந்துவிட்டது.

"உள்ள வாங்க சார்" என்றார் ஜெரினா.

உள்ளே ஒரு மைக்ராஸ்கோப். பக்கத்தில் திரை. திரையில் மனித இதயச் செல்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு துடித்தன.

"நேத்தே மருந்து போட்டாச்சு. நீங்க ஒண்ணும் பண்ணாம பாக்கணும். முடியுமா?"

"முப்பது வருஷமா இதயத்தத்தான் பாக்கறேன்."

"பாக்கறீங்க. ஒண்ணும் பண்ணாம பாத்திருக்கீங்களா?"

அருணகிரிக்குச் சுருக்கென்றது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

வெளியே பிரியாணி முடிந்தது. கார்கள் கிளம்பின.

செல்கள் துடித்துக்கொண்டே இருந்தன.

மறுபடி மோகனா. மறுபடி, "ஏத்து."

"இதுல என்னத்தப் பாக்கறது?" என்று எரிச்சலோடு கேட்டார் அருணகிரி.

"பாருங்க."

வெயில் இறங்கியது. ஜெரினா டீ வாங்கக் கதவுப்பக்கம் போனார்.

அப்போது நடுவிலிருந்த செல் ஒன்று துவண்டது. அதன் துடிப்பு தயங்கியது. பிறகு நின்றேவிட்டது.

மேசையில் ஒரு பாட்டில் இருந்தது. அட்ரினலின். செல்கள் உயிரோடு இருக்கின்றனவா என்று சோதிக்க வைத்திருந்தது. அருணகிரியின் கை தானாகப் போனது. நின்றுபோன இதயத்தைக் கண்டால் அந்தக் கைக்கு வேறெதுவும் தெரியாது.

தட்டில் ஒரு சொட்டு விட்டார்.

தட்டு முழுவதும் வெறி பிடித்தாற்போலத் துடித்தது. சுற்றியிருந்தவை எல்லாம் நின்ற செல்லைப் பிடித்து இழுத்தன. அது நடுவில் கிழிந்துபோனது.

டீயோடு வந்த ஜெரினா வாசலிலேயே நின்றுவிட்டார்.

"செத்துப்போச்சு மேடம். அதான் போட்டேன்."

ஜெரினா டீயை வைத்தார். திரையில் ஓடியதைப் பின்னோக்கி ஓட்டி, ஓரிடத்தில் நிறுத்தினார். நின்ற செல்லின் இடுப்பு ஒடுங்கியிருந்தது. இந்தப் பக்கம் ஓர் உட்கரு, அந்தப் பக்கம் ஓர் உட்கரு.

"சாகல சார். ரெண்டாயிட்டு இருந்துச்சு."

அருணகிரி திரைக்குக் கிட்டே குனிந்தார்.

"துடிக்கற செல்லு பிரியாது. உள்ள இழுக்கற கயித்தையெல்லாம் அவுத்துப் போட்டாத்தான் பிரிய முடியும். அதுவரைக்கும் நின்னுதான் ஆகணும்."

"நின்னா மிச்சதெல்லாம்?"

"அதோட பங்கையும் சேத்து இழுக்கும். மொள்ள இழுத்தா தாங்கும்."

அருணகிரிக்கு அழுகை முட்டியது. தட்டில் இருந்த ஒரு செல்லுக்காக ஐம்பத்தேழு வயதில் அழுவதா என்று வெட்கமாகவும் இருந்தது.

"உங்க தம்பிக்கு இப்ப என்ன சார் போயிட்டிருக்கு?" என்று கேட்டார் ஜெரினா.

அருணகிரி கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தார்.

"இதேதான்."

போன் அடித்தது.

"சார், இன்னும் இறங்குது" என்றாள் மோகனா. "எவ்வளவு ஏத்தட்டும்?"

"ஏத்தாதம்மா. பலூன வெச்சிரு. நான் வர்ற வரைக்கும் காத்திருக்காத. வெச்சதும் அட்ரினலின மொள்ள மொள்ளக் கொறச்சுட்டு வா."



"சார்" என்றாள் மோகனா, "நீங்கதானே பேசறீங்க?"