மஞ்சள் குடத்தைத் தொட்டது யார்?

முன்னொரு காலத்தில், கடலோர நாடு ஒன்றில் ஓர் அரசர் இருந்தார். நல்லவர்தான். ஆனால் மூக்குப்பிடிக்கச் சாப்பிட்டுவிட்டால் போதும், புதிதாக ஏதாவது ஆசை கிளம்பிவிடும். ஒருநாள் மீன்குழம்பு கொஞ்சம் கூடிப்போயிற்று போலிருக்கிறது. "நாளை சபையோர் அனைவரும் பாய்மரப் படகுப் பந்தயம் விட வேண்டும்! கடலில் மிதக்கும் மஞ்சள் குடத்தைச் சுற்றிக்கொண்டு கரை சேர வேண்டும். குடத்தைத் தொட்டவர் குடும்பத்தோடு நாட்டை விட்டே போக வேண்டும்!" என்று அறிவித்துவிட்டார்.

விகடகவி ஏகம்பனும் சபையில் ஒருவன். வாயை ஓட்டத் தெரிந்தவனுக்குப் படகை ஓட்டவா தெரியும்? மனைவி சிவக்கொழுந்து வேறு, "தொடாம வந்து சேருங்க. பச்சப்புள்ளயத் தூக்கிக்கிட்டு நான் எந்த நாட்டுக்குப் போறது?" என்று அழுதாள்.

குடத்தை மிதக்கவிடும் பொறுப்பு மரக்கல அதிகாரி மாறவேளுடையது. ஏகம்பன் பேச்சுக்கு அரசர் சிரிக்கும்போதெல்லாம் அந்த மனிதருக்குப் பற்றிக்கொண்டு வரும். குடத்தை நங்கூரக் கல்லோடு கட்டிய கயிற்றை வேண்டுமென்றே நீளமாக விட்டார். மிச்சக் கயிறு நீர்மட்டத்தில் மிதந்தது. பந்தயத்தில், அது கிடக்கும் இடம் தெரிந்ததால் விலகிப் போய் முதலில் கரையேறினார்; மற்றவர்களும் எப்படியோ தப்பிவிட்டார்கள். பாவம், ஏகம்பன்! குடத்தை விட்டு நன்றாகத் தள்ளித்தான் வந்தான். ஆனால் அவன் படகின் சுக்கான் போய்க் கயிற்றில் மாட்டிக்கொண்டது.

அவன் ஒருவழியாகக் கரை சேர்ந்ததும் மாறவேள் கத்தினார்: "அரசே! இவன் குடத்தைத் தொட்டுவிட்டான்!"

"ஐயோ, கயிற்றைத்தானே தொட்டேன்?" என்றான் ஏகம்பன்.

"கயிறு குடத்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. குடத்தைத் தொடும் பொருளைத் தொட்டாலும் குடத்தைத் தொட்டதாகத்தான் கணக்கு!"

அலையில் கால் நனைத்தபடி நின்ற அரசர் தாடியைத் தடவினார். "நியாயமாகத்தான் படுகிறது. இதுவே விதி. ஏகம்பா, மூட்டையைக் கட்டு."

கூட்டத்தில் சிவக்கொழுந்து குழந்தையை இறுக அணைத்துக்கொண்டாள். ஏகம்பன் அவளை ஒருமுறை பார்த்தான். பிறகு கைகூப்பிச் சொன்னான்:

"கட்டிவிடுகிறேன், அரசே. அதிகாரிக்கும் சேர்த்தே ஒரு மூட்டை கட்டட்டுமா?"

"அவர் ஏன் போக வேண்டும்?"

"கடல்நீர் குடத்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. அவர் படகு கடல்நீரைத் தொட்டது. பந்தயம் விட்ட சபையோர் அத்தனை பேரும் கிளம்ப வேண்டியதுதான். அப்புறம்..." ஏகம்பன் குரலைத் தாழ்த்தினான். "சொல்லப் பயமாக இருக்கிறது. தங்கள் திருவடியும் நனைந்திருக்கிறதே!"

அரசர் வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டார்.

"அப்படியானால் இந்த நாட்டை யாரப்பா ஆள்வது?"

"தண்ணீரில் படாதது அதோ, அந்தக் காக்கை ஒன்றுதான், அரசே. என்ன செய்ய, அது குடத்தின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது!"

அரசர் விழுந்து விழுந்து சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "குடம் குடம்தான், கயிறு கயிறுதான்! மாறவேளே, நீந்திப் போய் உம்முடைய கயிற்றைச் சுருட்டிக்கொண்டு வாரும்!" என்றார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி ஏகம்பனுக்குப் போட்டு, வேறென்ன வேண்டும் என்று கேட்டார். அந்தக் குடம் வேண்டும் என்றான் ஏகம்பன்.

குடத்தைக் கொண்டுபோய் மனைவியிடம் நீட்டினான். அவள் பயந்து கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"தொடு புள்ள, நல்லாத் தொடு! நாம எங்கயும் போகல."