செவலையின் இடக்கண்

மூங்கில் காட்டை ஒட்டிய புல்வெளியில் ஒரு குதிரைக் கூட்டம் மேய்ந்துவந்தது. அதில் செவலை என்று ஓர் இளம் பெட்டைக் குதிரை. காய்ச்சலில் கிடந்து எழுந்தபின் அவள் நடை கோணலாகிவிட்டது. மரத்தில் மோதினாள். தண்ணீர் குடிக்கப் போன இடத்தில் நரியாரின் வாலை மிதித்தாள். தலைவி நெடுங்காலின் விலாவில் அடிக்கடி இடித்தாள்.

இடிபட்டவர்கள் எல்லோரும் அவளுடைய இடப்பக்கம் நின்றவர்கள். இதை ஒருவரும் கவனிக்கவில்லை. இடிபட்டவர்கள் வலியைத்தான் கவனிப்பார்கள்.

கோடை வந்துவிட்டது. கூட்டம் மறுநாள் மலைமேல் இருக்கும் புல்வெளிக்குக் கிளம்பவேண்டும். பாதை குறுகல், இடப்பக்கம் பள்ளம். திமிர் பிடித்து இடிக்கிறவளை அழைத்துப்போக முடியாது என்று நெடுங்கால் சொல்லிவிட்டாள். பின்தங்கி நிற்கும் ஒற்றைக் குதிரையைச் சிறுத்தை எவ்வளவு விரும்பும் என்று எல்லோருக்கும் தெரியும்.

"திமிர் இல்லை அக்கா. எனக்கு இடப்பக்கம் கண் தெரியவில்லை" என்றாள் செவலை.

வால் வீங்கிய நரியார் இதைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு இலக்கணத்தில் ஆசை அதிகம். "என் கண்ணும்தான் எனக்குத் தெரியாது அம்மணி. தண்ணீரில் குனிந்தால்தான் தெரியும். உமக்குத் தெரியாதது கண்ணா, கண்ணுக்கு எதிரே இருப்பதா? பிரித்துச் சொல்லும்."

குதிரைகள் சிரித்தன. நரியாரின் கேள்வி நல்ல கேள்வி. கேட்ட நோக்கம்தான் மோசம்.

வைத்தியம் பார்க்கும் மந்தியை அழைத்துவந்தார்கள். மந்தி என்றால் பெண் குரங்கு. ஆண் குரங்குக்குக் கடுவன் என்று பெயர். ஆனாலும் காட்டில் பாதிப்பேர் அவளை "ஐயா" என்றே கூப்பிட்டார்கள். அவளும் திருத்தித் திருத்தி அலுத்துவிட்டாள்.

மந்தி ஒரு முழு வாழையிலையை ஒடித்துவந்து, செவலையின் இடக்கண்ணை நோக்கி அடிப்பதுபோல வீசினாள். அடி வருவதைப் பார்க்கிற கண் இமைக்கும். அதுதான் சோதனை. செவலை இமைத்தாள்.

கண்ணும் சரி, மூளையும் சரி என்று மந்தி தீர்ப்புச் சொன்னாள். அப்படியானால் இவள் இங்கேயே கிடக்கட்டும் என்று நெடுங்கால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"வீசியது இலையா வைத்தியரம்மா?" என்றாள் செவலை. "எனக்குக் காற்றுதான் அடித்தது. தூசி விழப்போகிறது என்று கண்ணை மூடினேன்."

மந்தி கையிலிருந்த இலையைப் பார்த்தாள். அதை வைத்துக்கொண்டு ஒரு யானைக்கே விசிறிவிடலாம். "இமைத்தாய் என்று பார்த்தேன். ஏன் இமைத்தாய் என்று கேட்காமல் விட்டேன்" என்றாள். தன் தவறு பிடிபட்டதும் அவளுக்குக் குஷி வந்துவிட்டது. நல்ல வைத்தியர்களுக்கு அப்படி ஒரு கோளாறு உண்டு.

செவலையின் இடக்கண்ணைக் கையால் பொத்தி, வெயிலில் சட்டென்று திறந்தாள். படுக்கைவாட்டில் அகன்றிருந்த கருமணி ஒடுங்கியது. வெளிச்சம் உள்ளே போகிறது!

பிறகு இலவமரத்தில் ஏறினாள். காய்கள் வெடித்திருந்தன. பஞ்சு விழுந்தால் சத்தமும் வராது, காற்றும் அடிக்காது. வலப்பக்கம் ஒரு துணுக்கை நழுவவிட்டாள். செவலையின் கண் அதன் கூடவே தரைவரை இறங்கியது. இடப்பக்கம் ஒன்றை விட்டாள். அது கண்ணெதிரே ஆடி அசைந்து, ஒரு சுற்றுச் சுற்றி, மூக்கின்மேல் வந்து உட்கார்ந்தது. செவலை தும்மினாள்.

"யார் அது?" என்றாள்.

இந்த முறை குதிரைகள் சிரித்த சிரிப்பில் செவலையும் சேர்ந்துகொண்டாள். நரியார் மட்டும் விடவில்லை. அப்படியானால் தெரியாதது எது என்று கேட்டார்.

"கண் வாசல், நரியாரே" என்றாள் மந்தி. "வாசல் திறந்துதான் இருக்கிறது. வந்தவர் யாரென்று சொல்லவேண்டிய மூளை காய்ச்சலில் வீங்கியிருக்கிறது. அதுவும் வலப்பாதி, இடக்கண் பார்ப்பதை அதுதான் புரிந்துகொள்கிறது. ஏன் இப்படி மாற்றி வைத்திருக்கிறது என்று என்னைக் கேட்காதீர், நான் வைக்கவில்லை."

மந்தி ஒரு கஷாயம் சொன்னாள். வீக்கம் வற்றும்வரை இடப்பக்கம் யாராவது ஒட்டி நடக்கவேண்டும் என்றாள். பள்ளத்தின் பக்கம் யார் நடப்பது? குதிரைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. நெடுங்கால் வந்து செவலையின் இடப்பக்கம் நின்றாள்.

மலை ஏறும்வரை அவள் வாய் ஓயவில்லை. பாறை என்றாள், முள் என்றாள், ஓரமாக வா என்றாள். மேலே போய்ச் சேர்ந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. மழைக்காலம் தொடங்கி, பள்ளத்தின் பக்கம் அருவி கொட்டிய ஒரு காலையில் வழக்கம்போல இடப்பக்கம் வந்து நின்று, பள்ளம் இருக்கிறது, பார்த்து நட என்றாள்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்கள் அக்கா" என்றாள் செவலை. "நான் அந்த அருவியைப் பார்க்கிறேன், நீங்கள் மறைக்கிறீர்கள்."

நெடுங்கால் மனம் குளிர்ந்து தள்ளி நின்றாள்.

ஆகவே, தடுமாறுகிறவரின் குணத்தைக் குறைசொல்லுமுன் காரணத்தைச் சோதித்துப் பார்க்கவேண்டும், சோதனையையும் ஒருமுறை சந்தேகப்பட்டுப் பார்க்கவேண்டும்.