நரி படித்த 2க + 1

ஒரு காட்டில் கோடை வந்து உட்கார்ந்தது. எழுந்து போகிற எண்ணமே அதற்கு இல்லை. எல்லாம் வற்றி, மிஞ்சியது ஒரே ஒரு சுனை.

ராஜாவான யானை, சுனைக்கரைப் பாறையில் தந்தத்தால் கீறியது: 2க + 1.

"ஒரு வீட்டுக்கு ஒரு நாளைக்கு இத்தனை குடுக்கை தண்ணீர். க இருக்கிற இடத்தில், அந்த வீட்டில் எத்தனை பேரோ அதைப் போட்டுக்கொள். தலைக்கு இரண்டு. கூட்டல் ஒன்று, வாசலுக்கு வரும் விருந்தாளிக்கு."

நரியிடம் இதைச் சொல்லி, அளந்து கொடுக்கும் வேலையையும் ஒப்படைத்துவிட்டு, யானை புல் தேடி மலைக்கு அந்தப் பக்கம் போனது. யானையை விட்டால், காட்டில் எழுத்துத் தெரிந்தது நரி ஒன்றுக்குத்தான்.

முதலில் காட்டுப்பன்றி வந்தது. பின்னால் ஆறு குட்டிகள், நாக்கு தொங்க.

"நரியண்ணே, எங்க வீட்டுக்கு எவ்வளவு?"

நரி தொண்டையைச் செருமியது. "பழைய தமிழ் எண்ணில் க என்றால் ஒன்று. இரண்டு தடவை ஒன்று, இரண்டு. கூட ஒன்று. மூன்று குடுக்கை."

"ஏழு பேருக்கு மூணா?"

"பாறையில் இருக்கிறது. வேண்டுமானால் பாறையோடு போய்ச் சண்டை போடு."

பன்றி மூன்றை வாங்கிப் போனது. கடைசிக் குட்டியின் முறை வந்தபோது குடுக்கையில் ஈரம் மட்டும்தான் இருந்தது.

அடுத்து, நரி தன் வீட்டுக்கு மொண்டது. மொண்டுகொண்டே இருந்தது. மேலே கிளையில் வாயாடி மைனா.

"அண்ணே, உங்க வீட்டுல நாலு பேருதானே? குடுக்கை வரிசையாப் போயிட்டே இருக்கே!"

"மக்கு மைனாவே, க-வை எடுத்துவிட்டு அங்கே நாலை வைத்தேன். 2-க்குப் பக்கத்தில் 4. இருபத்து நாலு! கூட ஒன்று, இருபத்தைந்து."

"அடேங்கப்பா! பன்றியக்காவுக்கு க ஒண்ணு, உங்களுக்கு நாலா?"

"எழுத்தென்றால் அப்படித்தான். ஆளைப் பார்த்துப் பேசும்."

மைனா தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டது.

பத்தாம் நாள் பன்றியின் கடைசிக் குட்டியால் எழுந்து நிற்க முடியவில்லை. அன்றுதான் யானை திரும்பி வந்தது. சுனையைப் பார்த்தது. பாதி சேறு.

"இப்போதே தூர் வார வேண்டும். பாறையில் இருக்கிற அதே விதிதான். ஒவ்வொரு வீடும் அத்தனை கூடை சேறு தூக்கட்டும்."

மைனா முந்திக்கொண்டது. "நரியண்ணன் வீட்டுக்கு இருபத்தஞ்சு கூடை, ராஜா! 2-க்குப் பக்கத்துல 4! அவரே சொல்லிக் கொடுத்தது!"

நரி குறுக்கே பாய்ந்தது. "ஐயையோ, தப்பு! 2க என்றால் இரண்டு தடவை க. இரண்டு நாலு எட்டு, கூட ஒன்று. ஒன்பதே கூடை!"

"சரி. பன்றியக்காவுக்கு க ஒண்ணுதானே? மூணு கூடை."

நரிக்குப் பொறுக்கவில்லை. "அதெப்படி? அவள் வீட்டில் ஏழு பேர்! இரண்டு ஏழு பதினாலு, கூட ஒன்று. பதினைந்து கூடை தூக்கட்டும்!"

யானை காதாட்டுவதை நிறுத்தியது.

"ரொம்பச் சரி. அப்படியானால் தினமும் பதினைந்து குடுக்கை தண்ணீரும் கொடுத்திருப்பாய், இல்லையா?"

நரி மெல்ல நழுவப் பார்த்தது. மைனா கத்தியது: "மூணு, ராஜா! மூணே மூணு!"

"உன் கணக்குப்படியே இருபத்தைந்து கூடை தூக்கு" என்றது யானை. "இன்றைக்கு மட்டும், தண்ணீருக்கு உன் வீட்டில் க மூன்று. நீ அதில் இல்லை."

மாலையில், உடம்பெல்லாம் சேறாக, நாக்கு தொங்க, நரி ஒரு வாசலில் வந்து விழுந்தது. பன்றியின் வாசல் அது. கடைசிக் குட்டி வயிறு நிறையக் குடித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது.

அன்று கிடைத்த பதினைந்தில் ஆளுக்கு இரண்டாகக் கொடுத்தது போக, ஒரு குடுக்கை மிச்சம் இருந்தது. பன்றி அதை நரியின் முன்னால் நகர்த்தியது.

"குடிங்க அண்ணே. கூட்டல் ஒண்ணு, இன்னைக்கு நீங்கதான்."

நீதி: உனக்கு எப்படிக் கணக்குப் போடுகிறாயோ, அடுத்தவருக்கும் அப்படியே போடு.