ஒரு மணி மேடம்

பேராசிரியை ரூபவதி இருபத்திரண்டு வருடங்களாகப் புவியியல் துறைப் பிள்ளைகளைக் கழுகுமொட்டைக்குக் கூட்டிப்போகிறார். ஒருமுறைகூட அவர் அந்த மலையின் உச்சியில் நின்றதில்லை.

காரணம் அவருடைய கைக்கடிகாரம். பகல் ஒரு மணி ஆனால், எங்கே நிற்கிறார்களோ அங்கேயே திரும்பிவிட வேண்டும் என்பது அவர் வைத்த சட்டம். அடிவாரத்தில் வனத்துறை கேட் திறப்பதே ஒன்பது மணிக்குத்தான். சரிவை அளந்து, மண்ணைக் கிளறிப் பார்த்து, நோட்டில் எழுதி, மூச்சு வாங்கி ஏறினால் ஒரு மணிக்கு உச்சிக்குக் கீழேதான் நிற்க முடியும். சில வருடங்களில் கூப்பிடு தூரம். ஒரு வருடம் உச்சியில் நட்டிருந்த எல்லைக்கல்லே கண்ணுக்குத் தெரிந்தது. அவர் மணியைப் பார்த்தார், திரும்பினார்.

பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் ‘ஒரு மணி மேடம்’.

அவருக்கு ஒரு சீடர் உண்டு. இசக்கியப்பன், நாற்பத்தாறு வயது, பதினோரு வருடமாகக் கௌரவ விரிவுரையாளர். ஆறு வருடமாக ரூபவதியின் பின்னால் மலையேறி, பிள்ளைகளைக் காட்டுக்குள் நடத்திப்போகும் வேலையைக் கற்றுக்கொண்டிருந்தார். ‘சீடர்’ என்பது ஆசிரியர்கள் அறையில் கேலிக்கு வைத்த பெயர். அவர் அதை மறுக்கவில்லை. எதையும் மறுப்பது அவருக்கு வராது.

இந்த வருடம் கல்லூரித் தாளாளர் ஒரு பேனர் அடித்துக் கொடுத்தார். உச்சியில் அதை விரித்துப் பிடித்து ஒரு படம் வேண்டும். அடுத்த வருட விளம்பரத்துக்கு.

“மணி ஒண்ணானா நான் திரும்பிருவேன் சார்” என்று ரூபவதி அவர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

தாளாளர் பேனரை இசக்கியப்பன் கையில் கொடுத்தார். “படம் வந்தா உங்க வேலை நிரந்தரம். வரலைன்னா இந்தக் களப்பயணத்தையே நிறுத்திருவேன். அப்புறம் உங்களுக்கு இங்க என்ன வேலை?”

புரட்டாசி மாதத்து வெள்ளிக்கிழமை. பதினாறு மாணவர்கள். ஒரு மணிக்கு அவர்கள் புல்சரிவின் நடுவில், ஒரு தட்டைப் பாறையருகே நின்றார்கள். உச்சி தலைக்கு மேலேதான் இருந்தது.

“மேடம், இன்னும் இருபது நிமிசம்தான்” என்றார் இசக்கியப்பன்.

“மணி ஒண்ணு.”

“வானத்தைப் பாருங்க. ஒரு பொட்டு மேகம் இல்ல.”

“இல்லதான்.”

“காத்துகூட இல்ல மேடம்.”

“ஆமா, இல்ல.”

“பின்ன என்ன?”

“மணி ஒண்ணு.”

பின்னால் நின்ற ஆன்றோ என்ற மாணவன் பக்கத்துப் பையன் காதைக் கடித்தான். “அந்த வாட்ச்சைப் புடுங்கிக் குழி தோண்டிப் பொதைச்சாத்தான் மக்கா நமக்கு உச்சி.”

“பொதைச்சாலும் ஓடும்பா. நல்ல வாட்ச்” என்றார் ரூபவதி, திரும்பாமலே. பிள்ளைகள் சிரித்தார்கள். அவர் பாறையில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தார். எலுமிச்சம்பழச் சாதம்.

இசக்கியப்பனுக்குக் கையில் சுருட்டி வைத்திருந்த பேனர் கனத்தது. ஆறு வருடமாகத் தொண்டையில் நின்ற கேள்வி அன்று வெளியே வந்துவிட்டது.

“மேடம், கோவிச்சுக்கக் கூடாது. உச்சியையே பார்க்காத நீங்க மலையேறுறதைப் பத்தி எனக்கு என்னத்தச் சொல்லிக்கொடுக்கப் போறீங்க?”



ரூபவதி கழுத்தில் கிடந்த விசிலைக் கழற்றி அவரிடம் நீட்டினார். “கூட்டிட்டுப் போறவங்ககிட்டதான் இது இருக்கணும்.”

“நீங்க வரலையா?”

“நான் இங்கதான் இருப்பேன்.”

இசக்கியப்பன் விசிலை மாட்டிக்கொண்டார். பதினாறு பேரும் அவர் பின்னால் போனார்கள்.

இருபது நிமிடம் என்றது பதினெட்டிலேயே முடிந்தது. உச்சியில் எல்லைக்கல் இருந்தது. அதன்மேல் ஒரு ஓணான் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. பேனரை விரித்தார்கள், படம் எடுத்தார்கள், எல்லைக்கல்லைக் கட்டிக்கொண்டு தனித்தனியாகவும் எடுத்தார்கள். கிழக்கே, கண்ணுக்கு எட்டிய கடைசியில், கடல் ஒரு வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. இசக்கியப்பனுக்கு நெஞ்சு நிறைந்தது. அடுத்த கணமே கோபமும் வந்தது. இதையா ஒரு மனுஷி இருபத்திரண்டு வருடம் வேண்டாம் என்றார்? அதைப் பார்த்து நானும் ஆறு வருடம் திரும்பித் திரும்பிப் போனேனே, நான் என்ன ஆள்?

அவர்கள் இறங்கி வந்தபோது ரூபவதி அதே பாறையில் அதே மாதிரி உட்கார்ந்திருந்தார்.

“ஒண்ணும் ஆகல மேடம்” என்றார் இசக்கியப்பன். குரலில் கொஞ்சம் வெற்றி இருந்தது.

“ரொம்ப சந்தோஷம்.” அதில் குத்தல் எதுவும் இல்லை. அவர் உண்மையாகவே சந்தோஷப்பட்டார்.

விசிலைத் திருப்பி நீட்டினார் இசக்கியப்பன்.

“கீழ போற வரைக்கும் நீங்களே வெச்சிருங்க.”

மூன்றரை மணிக்கு ஓடைக்கு வந்தார்கள். கரையில் மணல், அதையடுத்து முழங்கால் தண்ணீர், அதற்கப்பால் கசம். அந்த வட்டாரத்தில் ஓடைக்குள் இருக்கும் ஆழக்குழியைக் கசம் என்பார்கள். மேலே தண்ணீர் அசையாமல் கிடக்கும். காலை வைத்தால் தரை இருக்காது. ஓடையில் யாரும் இறங்கக் கூடாது என்று காலையில் ஏறும்போதே ரூபவதி சொல்லியிருந்தார்.

“சார், பத்து நிமிசம்” என்றான் ஆன்றோ.

“வேண்டாம்ப்பா.”

“உடம்பெல்லாம் உப்புப் பூத்துக் கெடக்கு சார். ஒண்ணும் ஆகாது.”

“சொன்னாக் கேளு ஆன்றோ.”

“மேலயும் ஒண்ணும் ஆகலைல்ல சார்? நீங்கதான கூட்டிட்டுப் போனீங்க?”

முத்துப்பேச்சி என்ற மாணவி அவனை இழுத்தாள். “ஏல, மேடம்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு எறங்குல.”

“அவங்ககிட்ட கேட்டு என்னைக்கு நடந்திருக்கு? சார்னா விடுவாரு.”

அவன் ஷூவைக் கழற்றி வீசினான். இன்னும் நான்கு பேர் கழற்றினார்கள்.

இசக்கியப்பன் விசிலை ஊதினார். தண்ணீருக்குள் இருந்தவர்கள் கரையைப் பார்த்தார்கள், சிரித்தார்கள். மறுபடியும் ஊதினார். ஒருவன் வாயில் விரலை வைத்து அதைப்போலவே பதிலுக்கு அடித்தான். காடு முழுக்க இரண்டு விசிலும் கேட்டன. ஆன்றோ முதுகைக் காட்டிக்கொண்டு உள்ளே போய்க்கொண்டிருந்தான். தண்ணீர் தொடைக்கு வந்தது. இடுப்புக்கு வந்தது. அவனுக்கு முன்னால் இரண்டு எட்டில் தண்ணீரின் நிறம் மாறியிருந்தது.

“டேய்! டேய், நில்லுடா!” இசக்கியப்பனின் குரல் உடைந்தது. அவர் பேண்ட்டோடு தண்ணீருக்குள் காலை வைத்தார்.

“ஆன்றோ, ஏறு.”

ரூபவதிதான். பந்தியில் உப்பு கேட்கிற குரல் அது, அதற்கு மேல் இல்லை.

ஆன்றோ நின்றான். திரும்பினான். பத்து நிமிடம் என்று கேட்கவில்லை. ஐந்து நிமிடம் என்றும் கேட்கவில்லை. அவன் கரைக்கு வருவதற்குள் மற்ற நான்கு பேரும் ஏறி, தலையைக் குனிந்தபடி ஷூ மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

அங்கேயும் ஒன்றும் ஆகவில்லை. ஓடை தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

கடைசியாக நடந்து வந்த இசக்கியப்பனின் செருப்பு ‘சதக் சதக்’ என்றது. எட்டி நடந்து ரூபவதியின் பக்கத்தில் வந்தார்.

“அவன் ரெண்டு எட்டு வெச்சிருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காதோ என்னவோ மேடம்.”

“இருக்கலாம்.”

“நான் விசில் ஊதினேன். நீங்க சத்தம்கூடப் போடல.”

ரூபவதி பாதையில் கிடந்த முள்ளைக் குச்சியால் ஒதுக்கிவிட்டு நடந்தார்.

நாலரைக்குக் கேட்டைத் தாண்டினார்கள். பிள்ளைகள் பஸ்ஸில் ஏறினார்கள். ரூபவதி சாலையோரச் சின்னப் பாலத்தின் கைப்பிடிச் சுவரில், பையைப் பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். அங்கேதான் போனுக்கு சிக்னல் கிடைக்கும். பஸ் ஏறுவதற்கு முன்பே பிள்ளைகள் அங்கே நின்று படத்தைத் தாளாளருக்கு அனுப்பிவிட்டிருந்தார்கள். இசக்கியப்பனின் போனில் தாளாளரின் பதில் வந்து விழுந்தது. அவர் அதை வாசித்தார், திரும்பவும் வாசித்தார்.

“என்னவாம்?”

“படம் ரொம்பப் பிரமாதமாம். வேலை உத்தரவு திங்கக்கிழமை தர்றாராம்.”

“நல்லதுதான?”

“அடுத்த மாசம் நன்கொடை தர்றவங்க வர்றாங்களாம். அறுபது பிள்ளைங்களைக் கூட்டிட்டு உச்சியில கூடாரம் போட்டு, ராத்திரி அங்கயே தங்கணுமாம். நான்தான் தலைமையாம்.” இசக்கியப்பன் மலையைத் திரும்பிப் பார்த்தார். “அடுத்த மாசம் ஐப்பசி மேடம். மரம் மட்டை இல்லாத மொட்டை அது. இடி விழுந்தா எங்க ஒதுங்குறது? அறுபது பேரு!”



இசக்கியப்பனின் கையில் இருந்த போன் அடித்தது. தாளாளர்தான்.

“எடுங்க.”

“எடுத்தா எனக்கு ‘சரிங்க சார்’னுதான் வாயில வரும்.”

“தெரியும்.”

“முடியாதுன்னா வேலை போயிரும் மேடம்.”

“போனாலும் போகலாம்.”

“சொன்னாலும் அவர் கேக்க மாட்டாரு.”

“கேக்க மாட்டாரு. முதல் வருசம் நான் கூட்டிட்டு வந்தது இருபது பேர். ஒரு மணிக்குத் திரும்புங்கன்னேன். இருபது பேரும் என்னை விட்டுட்டு மேல போயிட்டாங்க. கூட வந்த வாத்தியாரும் போயிட்டாரு.”

“நீங்க என்ன செஞ்சீங்க?”

“பாறையில உக்காந்திருந்தேன். அடுத்த வருசமும் ஒரு மணிக்குத் திரும்பினேன்.”

போன் அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அடித்தது. இசக்கியப்பன் கட்டைவிரலை அதன்மேல் கொண்டுபோனார்.

ரூபவதி பக்கத்தில் இருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். சுவரில் ஓர் ஆள் உட்கார இடம் இருந்தது.

“சொல்லிட்டு வந்து உக்காருங்க.”